ஒரே பப்புக்குள் எதற்கு இத்தனை தடுப்புகள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். லண்டன் ஹை ஹோல்பர்ன் தெருவில் இருக்கும் பிரின்சஸ் லூயிஸ் என்ற பழைய பப்பின் உட்புறப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவே ஒரே கவுன்ட்டர். அதைச் சுற்றி மரச்சட்டமும் பூவேலைக் கண்ணாடியுமாகத் தடுத்த குட்டிக் குட்டி அறைகள். குடிக்கிற கடை ஒன்றுக்குள் எதற்கு இத்தனை தடுப்பு, ஆள் தெரியாமல் குடிக்கவா, கனவானையும் கூலிக்காரரையும் பிரித்து வைக்கவா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், "இதெல்லாம் நிஜமாகவே அந்தக் காலத்ததா, இல்லை சுற்றுலா வருகிறவர்களுக்காகச் செய்ததா?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என் தொழிலுக்கு நெருக்கமானது. ஆனால் தடுப்பு எதற்கு வந்தது என்பது தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் கட்டடப் பாதுகாப்பு படித்தவன். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களின் உட்புறத்தை அளந்து, எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று பிரித்து அறிக்கை எழுதுவது பல வருடங்களாக என் பிழைப்பு. தேவாலயங்களையும் பள்ளிகளையும் போலவே பப்களும் அதில் உண்டு. நான் சமூக வரலாற்றாளன் இல்லை. ஆகவே மரம், கண்ணாடி, சுவர், சட்டம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். அங்கே உட்கார்ந்து குடித்தவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கவுன்ட்டரிலிருந்து தொடங்க வேண்டும். பப் என்றாலே நமக்குக் கவுன்ட்டர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு வரை பெரும்பாலான ஏல் (ஒரு வகை பீர்) கடைகளில் அப்படி ஒன்று கிடையாது. ஏல் கடை என்பது ஒரு வீடு. அடுப்பெரியும் கூடத்தில் பெஞ்சில் உட்காருவார்கள். பீர் பீப்பாய் நிலவறையில் இருக்கும். பையன் ஒருவன் கீழே போய்க் குவளையில் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பான். 'பார்' என்று அப்போது சொன்னது கடைக்காரர் சரக்கையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்திருந்த ஒரு சின்ன அறையை. வாடிக்கையாளருக்கு அங்கே வேலை இல்லை. 1797இல் ஜோசஃப் பிராமா பீர் இறைக்கும் கைப்பம்புக்குக் காப்புரிமை எடுத்தார். நிலவறையிலிருந்து குழாய் வழியாக மேலே பீரை ஏற்றும் இந்தப் பம்பு பரவியபோது, குவளையோடு படியேறி இறங்கும் பையனுக்கான தேவை குறைந்தது. சரக்கு ஓர் இடத்திற்கு வந்துசேரும், குடிப்பவர் அந்த இடத்திற்குப் போகலாம். கவுன்ட்டருக்குத் தொழில்நுட்ப வழி அப்படித் திறந்தது.

ஆனாலும் கவுன்ட்டரைக் கொண்டுவந்தது பீர் இல்லை, ஜின். 1825இல் அரசாங்கம் சாராய வகைகள் மீதான வரியை வெகுவாகக் குறைத்தது. ஜின் விற்பனை பெருகியது. ஜின்னை உட்கார்ந்து நிதானமாகக் குடிக்க வேண்டியதில்லை; நின்றபடி ஒரு மடக்கு, காசை வை, நகரு. அதற்கேற்ற கட்டடம் துணிக்கடையும் மருந்துக்கடையும் போலவே இருந்தது: பெரிய கண்ணாடி முகப்பு, நீளமான கவுன்ட்டர், பின்னால் அலங்காரமாக அடுக்கிய பீப்பாய்கள், தலைக்கு மேல் பளீரென்று எரியும் வாயு விளக்கு. இவற்றை லண்டனில் 'ஜின் அரண்மனை' என்று சொன்னார்கள், பாதி வியப்பிலும் பாதி கேலியிலும். ஆரம்பகால அரண்மனைகளில் பேர்போன ஒன்று இதே ஹோல்பர்ன் வட்டாரத்தில்தான் இருந்தது. ஹோல்பர்ன் குன்றுத் தெருவில் தாம்ஸன் அண்ட் ஃபியரன் என்ற கடைக்கு ஜே. பி. பேப்வொர்த் என்ற மரியாதைக்குரிய கட்டடக் கலைஞர் வடிவமைத்துக் கொடுத்தார். 1830இல் வந்த பீர்ச் சட்டம் இன்னொரு பக்கம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளூர் வரி கட்டும் எவரும் 2 கினி (இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்) கொடுத்து உரிமம் வாங்கித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றானது. ஆயிரக்கணக்கான பீர் வீடுகள் முளைத்தன. பழைய பப்காரர்கள் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, ஜின் அரண்மனையின் பகட்டையும் கவுன்ட்டரையும் தங்கள் கடைக்குள் கொண்டுவந்தார்கள். விக்டோரியா காலத்துப் பப் என்று இன்று நாம் ரசிக்கும் கட்டடத்தின் தாய்வீடு இந்தச் சாராயக் கடைதான். பப்காரர்களின் பரம்பரைப் பெருமைக்கு இது பிடிக்காது. பெரும்பாலும் பழைய சத்திரங்களைத்தான் மூதாதையாகக் காட்டுவார்கள்.

கவுன்ட்டர் வந்ததும் ஒரு புதுச் சிக்கல் வந்தது. பழைய வீட்டில் கூடம், சமையலறை, மாடி அறை என்று அவரவர் தகுதிக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற இடத்தில் உட்கார்ந்தார்கள். கவுன்ட்டர் எல்லோரையும் ஒரே பலகையின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. செங்கல் சூளைத் தூசியோடு வருகிறவர், வக்கீல் அலுவலகக் குமாஸ்தா, சந்தையில் மீன் விற்றுவிட்டு வரும் பெண்மணி, வீட்டுக்கு ஒரு ஜாடி பீர் வாங்கிவர அனுப்பப்பட்ட பையன், எல்லோரும் தோளோடு தோள். கடைக்காரருக்கு எல்லோர் காசும் வேண்டும். ஆனால் ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வரமாட்டார். லண்டன் பப்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, கவுன்ட்டரை ஒன்றாகவே வைத்துக்கொண்டு குடிப்பவர் பக்கத்தை மட்டும் துண்டாக்குவது. கவுன்ட்டரைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்து முழு வட்டமாகவோ லாடம் போலவோ வளைத்தார்கள். அதிலிருந்து வெளிச்சுவர் வரை தடுப்புகளை விரித்தார்கள். மேலிருந்து வரைபடமாகப் பார்த்தால் குறுக்கே வெட்டிய சாத்துக்குடியின் சுளைகள் போல இருக்கும். ஒவ்வொரு சுளைக்கும் தெருவிலிருந்து தனி வாசல், தனிப் பெயர். பொது பார், தனி பார், சற்று வசதியான சலூன் பார், சில கடைகளில் பெண்களுக்கென்று ஒன்று, வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு ஜாடி-பாட்டில் என்ற சின்னப் பிறை (மாடம் போன்ற ஒதுக்கிடம்). படத்தில் நீங்கள் பார்த்த தடுப்புகளின் மூலம் இதுதான்.

இந்த அமைப்பில் என்னை எப்போதும் கவர்வது நடுவில் நிற்பவரின் நிலை. கவுன்ட்டருக்குள் நிற்கும் ஒரு ஆள் திரும்பினால் எல்லாச் சுளைகளும் அவருக்குத் தெரியும். சுளைக்குள் இருப்பவருக்குப் பக்கத்துச் சுளை தெரியாது. நேரெதிரே உள்ள சுளையும் தெரியாது, ஏனென்றால் தீவு போல நிற்கும் கவுன்ட்டரின் நடுவில் பாட்டில்களும் கண்ணாடியும் அடுக்கிய உயரமான அலமாரி நிற்கிறது. வேலையாள் குறைவு, கண்காணிப்பு முழுமை, வாடிக்கையாளருக்கு மறைவு. மூன்றையும் ஒரே தரைத்திட்டம் தருகிறது. ஆகவே தடுப்புகளைப் பகட்டுக்காக வைத்த அலங்காரம் என்று பார்த்தால் தவறிப்போகும். அவை கவுன்ட்டரின் மறுபாதி. இந்தத் தீவுக் கவுன்ட்டரை ரயில் பொறியாளர் புரூனெல் ஸ்விண்டன் ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆதாரமாக யாரும் எதையும் என் முன் வைத்ததில்லை என்பதால் அதை நான் அறிக்கைகளில் சேர்ப்பதில்லை.

வகுப்புப் பிரிவினையா என்ற உங்கள் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லலாம், ஆனால் அந்த ஆமோடு நிற்க முடியாது. சலூன் பாரில் கம்பளம், மெத்தை வைத்த இருக்கை, சில இடங்களில் பியானோ. பொது பாரில் வெறும் பலகைத் தரை, மரத்தூள், எச்சில் கிண்ணம். அதே பீர் சலூனில் கொஞ்சம் விலை கூட. விலை வித்தியாசம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் தொடர்ந்தது. இன்றைய முதியவர்கள் பலருக்கு நேரடியாக நினைவிருக்கும் விஷயம் அது. இவ்வளவும் உறுதி. ஆனால் அறைகளைப் பிரித்தது வகுப்பு மட்டும் என்றால், ஒரே தரத்தில் இரண்டு மூன்று தனி பார்கள் ஏன் பல கடைகளில் இருந்தன என்பதற்குப் பதில் இல்லை. என் ஊகம், வகுப்போடு கூட்டாளித்தனமும் சேர்ந்தது என்பது. தன் கூட்டத்தோடு தனியாக இருக்க ஒரு மூலை வேண்டும். வேலையிடத்து மேஸ்திரி கண்ணில் படாத இடம் வேண்டும். கணவனும் மனைவியுமாக வந்தால் மற்றவர் முறைக்காத இடம் வேண்டும். கட்டடம் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. எது எவ்வளவு என்று கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஒளிந்து குடிக்கவா என்ற பாதிக்கு ஒரு பொருள் சாட்சியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்னாப் ஸ்கிரீன்' என்பார்கள். கவுன்ட்டர் மேல், நிற்பவரின் முகத்துக்கு நேராக, ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன பூவேலைக் கண்ணாடிப் பலகைகள். ஒவ்வொன்றும் நட்டநடு அச்சில் சுழலும். பானம் வேண்டுமென்றால் பலகையைத் திருப்பிக் கேட்கலாம். வந்ததும் மூடிக்கொள்ளலாம். அப்போது கவுன்ட்டர் ஆளுக்கு உங்கள் முகம் தெரியாது, எதிர்ப்பக்கத்துக் கூட்டத்துக்கும் தெரியாது. லண்டனின் ப்ளூம்ஸ்பரி பகுதியில் லேம்ப் என்ற பப்பில் இவை இன்றும் இருக்கின்றன. பர்மிங்ஹாம் பக்கம் ஆஸ்டனில் உள்ள பார்ட்டன்ஸ் ஆர்ம்ஸிலும் உண்டு. சீமான்கள் தங்கள் ரகசியக் காதலியோடு வந்து உட்காரத்தான் இது என்று சுற்றுலா வழிகாட்டிகள் கண் சிமிட்டிச் சொல்வார்கள். அப்படியும் யாராவது வந்திருப்பார்கள். ஆனால் இவ்வளவு செலவு செய்து பலகை மாட்டிய கடைக்காரர் கணக்குப் போட்டது அபூர்வமான சீமானை நம்பி இருக்காது. எதிர் பாரில் தன் வேலைக்காரரே நின்று குடிக்கும் உள்ளூர் வியாபாரிதான் அவருடைய அன்றாட வாடிக்கை. அவருக்கு அந்தப் பலகை தேவைப்பட்டது.

ஜாடி-பாட்டில் பிறையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகளைப் பீர் வாங்க அனுப்புவது சர்வ சாதாரணம். வழியில் ஒரு வாய் உறிஞ்சுவதும் சாதாரணம். 1901இல் ஒரு சட்டம் வந்து, 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் தக்கையால் அடைத்து முத்திரையிட்ட பாத்திரத்தில்தான் கொடுக்கலாம் என்றது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வயதினர் பாருக்குள் நுழைவதையே தடுத்தது. பழைய பப் முகப்பில் மற்றவற்றைவிடக் குறுகலான ஒரு கதவு தனியாக இருந்தால், உள்ளே அறை ஏதும் மிஞ்சாவிட்டாலும், அது பெரும்பாலும் இந்தப் பிறைக்கான வாசல். அளவெடுக்கப் போகும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். மற்ற சுளைகள் எப்படி ஓடியிருக்கும் என்பதற்கு அது ஒரு முனை கொடுக்கும்.

இத்தனை பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரின்சஸ் லூயிஸ் இன்றிருக்கும் கோலத்துக்கு அதுதான் காரணம். 1869இல் பீர் வீடுகளும், உரிமம் கொடுக்கும் உள்ளூர் நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. புது உரிமம் கிடைப்பது அரிதானது. 1891இல் ஷார்ப் எதிர் வேக்ஃபீல்டு என்ற வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் அதிகாரமும் நீதிபதிகளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. உரிமம் அரிதாக ஆக, உரிமமுள்ள கட்டடத்தின் விலை ஏறியது. மது ஆலைகள் பங்குச் சந்தையில் பணம் திரட்டிப் பப்களை வளைத்தன. இருக்கும் கடையைப் பிரமாதமாக மாற்றினால் விலையும் ஏறும், நீதிபதிக்கும் 'உயர்தரக் கடை' என்று காட்டலாம். 1880களின் கடைசியிலிருந்து 1899 வரை லண்டனில் நடந்தது ஒரு கட்டுமானக் காய்ச்சல். 1899இல் அது உடைந்தது, பலர் திவாலானார்கள். நாம் இன்று 'பழைய பப்' என்று சொல்லும் உட்புறங்களில் சிறந்தவை பெரும்பாலும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் செய்தவை.

பிரின்சஸ் லூயிஸ் 1872இல் கட்டப்பட்டது. பெயர் விக்டோரியா அரசியின் நான்காவது மகளுடையது. ஆனால் உள்ளே நீங்கள் படத்தில் பார்ப்பது 1891இல் ஆர்தர் சிட்டி என்ற கட்டடக் கலைஞர் செய்த மறுவேலை. முகப்பு குறுகல், உள்ளே ஆழம் அதிகம். தெருமுனையில் இருக்கும் பப் என்றால் இரண்டு தெருப் பக்கமும் கதவு கதவாக வைத்து ஒவ்வொரு சுளைக்கும் நேர்வழி கொடுத்துவிடலாம். இங்கே அது முடியாது. அதனால் இரு ஓரச் சுவர்களை ஒட்டியும் பின்பக்கம் வரை நீளும் நடைவழிகள் விட்டு, அவற்றிலிருந்து சுளைகளுக்குள் நுழையும்படி அமைந்திருக்கிறது. இதனால் ஒரு நல்ல பலன். நடைவழிச் சுவர்கள் முழுநீளத்துக்கும் தடையின்றிக் கிடைத்தன. டபிள்யூ. பி. சிம்ப்ஸன் அண்ட் சன்ஸ் நிறுவனம் அவற்றை வண்ண ஓடுகளால் மூடியது. ஓடுகளுக்கு இடையே ஆளுயரத்துக்கு மேல் எழும், முகம் பார்க்கும் கண்ணாடிகள், கென்னிங்டனைச் சேர்ந்த ஆர். மாரிஸ் அண்ட் சன் செய்தவை. நடைவழியில் நடக்கும்போது சுவரிலுள்ள கண்ணாடியில் தடுப்பின் கண்ணாடி, அதில் மறுபடி சுவர். இடம் உண்மையில் எவ்வளவு குறுகல் என்பது அளவு நாடாவைப் பிடித்த பிறகுதான் உறைக்கும்.

அந்தக் கண்ணாடி வேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் படங்களில் எல்லாம் ஒரே 'டிசைன் கண்ணாடி'யாகத் தெரியும். குறைந்தது மூன்று வேலைகள் கலந்திருக்கும். ஒன்று அமில அரிப்பு: அப்படியே இருக்க வேண்டிய பகுதியைக் கரிய பூச்சால் மூடிவிட்டு, மீதியை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரிக்க வைப்பார்கள். பூச்சை மாற்றி மாற்றிப் பலமுறை அரித்தால் வெள்ளையிலேயே இரண்டு மூன்று சாயல்கள் கிடைக்கும். செய்தவர்களின் கைகளையும் நுரையீரலையும் அந்த அமிலம் என்ன செய்தது என்பது வேறு கதை. இரண்டாவது வெட்டுவேலை: கனமான கண்ணாடிப் பலகையை எடைக்கட்டித் தொங்கவிட்டு, சுழலும் கல் சக்கரத்தில் அழுத்திப் பள்ளம் எடுத்துப் பளபளப்பாக்குவது. விரலால் தடவினால் பள்ளம் தெரியும், ஓரத்தில் வெளிச்சம் வானவில்லாகச் சிதறும். மூன்றாவது பின்புறத்தில் தங்கத் தகடும் வண்ணமும் ஒட்டுவது. 1845இல் கண்ணாடி மீதான வரியை எடுத்ததும், 1851இல் ஜன்னல் வரி போனதும்தான் இந்தத் தாராளத்துக்கு வழிவிட்டன. தெருப்பக்கத்து ஜன்னலின் கீழ்ப்பாதி மட்டும் மங்கலாக இருக்கும், மேல்பாதி தெளிவாக இருக்கும். நடந்து போகிறவர் உள்ளே பார்க்க முடியாது, பகல் வெளிச்சம் உள்ளே வரும், இரவில் வாயு விளக்கின் வெளிச்சம் தெருவில் கொட்டி ஆளை இழுக்கும்.

ஓடுகளுக்கும் காரணம் அழகு மட்டுமில்லை. வாயு விளக்குப் புகை, புகையிலைப் புகை, ஈர உடைகள், சிந்திய பீர். சுண்ணாம்புச் சுவர் ஒரு வருடம் தாங்காது. ஓடுகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மேலே கைக்கு எட்டாத உயரத்தில்தான் புடைப்புவேலைக் கூரையை விட்டார்கள். அது புகையில் பழுப்பேறும். 2007இல் இங்கிலாந்தில் பொது இடங்களுக்குள் புகைக்கத் தடை வந்த பிறகும் பல பப்களில் கூரைக்கு அந்தப் பழுப்பு நிறத்தையே வேண்டுமென்று வாங்கி அடிக்கிறார்கள். வெள்ளையடித்தால் 'பழைய பப்' மாதிரி இல்லையாம்.

இங்கிலாந்து முழுக்க இதே அமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வட பகுதியில் வேறு மரபு. அங்கே முழுச் சுவர் வைத்த தனித்தனி அறைகள், புகை அறை என்றும் செய்தித்தாள் அறை என்றும் பெயரோடு. சுவரிலுள்ள மணியை அழுத்தினால் பணியாள் வந்து கேட்டுப்போவார். லிவர்பூலின் ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ் அந்த மரபின் உச்சம். 1898க்கும் 1900க்கும் இடையில் ராபர்ட் கெயின் என்ற மது ஆலை அதிபருக்காக வால்ட்டர் தாமஸ் வடிவமைத்தது. நகரத்துப் பல்கலைக் கல்லூரியின் கலைப்பள்ளிக் கைவினைஞர்கள் உள்வேலை செய்தார்கள். 2020இல் அதை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். விக்டோரியா காலத்தில் பப்பாகவே கட்டிய ஒரு கட்டடத்துக்கு அந்தத் தரம் கிடைப்பது அரிய விஷயம். பிரம்மாண்டத்தில் பிரின்சஸ் லூயிஸ் அதன் பக்கத்தில் நிற்காது. தரைத்திட்டத்தின் சாமர்த்தியத்தில் எனக்கு லண்டன் பப்தான் மேல்.

இனி உங்கள் கடைசி வரி. தடுப்புகளை நீதிபதிகளும் காவல்துறையும் ஆரம்பத்திலிருந்தே விரும்பவில்லை. மூலைகள் இருந்தால் சூதாட்டமும் விபச்சாரமும் அதிகக் குடியும் கண்ணுக்குத் தப்பும் என்பது அவர்கள் வாதம். முதல் உலகப் போர்க் காலத்தில் இது கொள்கையாகவே ஆனது. வட இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்த கார்லைல் வட்டாரத்தில் 1916இல் அரசாங்கமே பப்களைக் கையகப்படுத்தியது. 1970களின் தொடக்கம் வரை அவை அரசின் கையில் இருந்தன. அங்கே ஹாரி ரெட்ஃபெர்ன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த புதிய பப்களில் குட்டி அறைகள் போய், திறந்த கூடமும் உணவு மேசையும் வந்தன. அந்தச் சிந்தனை நாடெங்கும் பரவியது. போருக்குப் பிந்தைய தலைமுறைக்கு 'இது உங்கள் பார், இது எங்கள் பார்' என்பதே அசிங்கமாகப் பட்டது. 1960களிலிருந்து 80கள் வரை சுவரையும் தடுப்பையும் இடித்து ஒரே கூடமாக்குவது வழக்கமாயிற்று. பெரிய கூடத்துக்கு ஆள் குறைவாகப் போதும், கூட்டம் அதிகம் கொள்ளும். மது ஆலைக் கணக்காளருக்கும் சமத்துவம் விரும்பியவருக்கும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கருத்தொற்றுமை.

பிரின்சஸ் லூயிஸும் தப்பவில்லை. அதன் தடுப்புகள் இருபதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டு, பல காலம் அது தீவுக் கவுன்ட்டரைச் சுற்றிய திறந்த கூடமாகவே இருந்தது. அந்தக் கோலத்தில் பார்த்தவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். யார்க்ஷயரின் டாட்காஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் ஸ்மித் மது ஆலைதான் 2007-08இல் பெரிய சீரமைப்பு செய்து தடுப்புகளைத் திரும்ப நிறுத்தியது. ஆக, நீங்கள் படத்தில் பார்த்த சுவர் ஓடுகள், பெரிய கண்ணாடிகள், தூண்கள், கூரை வேலை எல்லாம் 1891இன் மிச்சம். உங்களைக் கேள்வி கேட்க வைத்த தடுப்புகளோ இந்த நூற்றாண்டில் செய்தவை. ஒவ்வொரு தடுப்பும் 1891இல் அங்குலம் பிசகாமல் இதே இடத்தில்தான் நின்றதா என்று என்னைக் கேட்டால் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தக் காலத்து லண்டன் பப் இப்படித்தான் பிரிந்திருந்தது என்பதற்குக் கையெழுத்துப் போடுவேன்.

அப்படியானால் போலியா? என் தொழிலில் இது நூறு வருடத்துக்கு மேற்பட்ட சண்டை. 1877இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், இல்லாததைத் திரும்பச் செய்வது வரலாற்றைப் பொய்யாக்குவது என்றது. நானும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவன்தான். உடைந்த சிற்பத்துக்குப் புது மூக்கு வைப்பதை இன்றும் எதிர்ப்பேன். ஆனால் பப் விஷயத்தில் நான் கொஞ்சம் விலகி நிற்கிறேன். தடுப்பில்லாத தீவுக் கவுன்ட்டர் அர்த்தமற்ற பொருள். அது ஏன் நடுவில் நிற்கிறது, ஏன் அலமாரி அவ்வளவு உயரம், நடைவழி எதற்கு, இதையெல்லாம் தடுப்பு இருந்தால்தான் கட்டடம் தானே சொல்லும். சுவர் ஓடுகளும் கண்ணாடியும் மிஞ்சி, தரைத்திட்டம் அழிந்த பப்கள் லண்டனில் ஏராளம். அவை அழகான கூடங்கள், அவ்வளவுதான். பிரின்சஸ் லூயிஸில் திட்டம் திரும்ப வந்தது லாபம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு குறை, புதியது எது பழையது எது என்று உள்ளே வருகிறவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் சில வழிகள் உண்டு. பழைய மரத் தடுப்பின் அடிப்பாகத்தில், கால் படும் உயரத்தில், விளிம்பு மழுங்கியிருக்கும். கதவுக் கைப்பிடியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். பழைய கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால் பிம்பம் லேசாக அலையும். கவுன்ட்டரின் மேற்பலகையில் குறுக்கே அடைத்த பழைய பள்ளங்கள் தெரிந்தால், அங்கே ஒரு தடுப்பு வந்து முட்டியிருக்கலாம். அதே கோட்டில் கூரையில் புடைப்புவேலை ஓரிடத்தில் தடைபட்டு ஒட்டுப்போட்டது போலிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மரத்தைச் செயற்கையாகப் பழசாக்குவதில் இப்போது நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள்.

இடிபடாமல் அந்தக் காலத்திலிருந்தே தொடர்ந்து நிற்கும் தடுப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டனிலேயே இரண்டு இடம் சொல்வேன். மைடா வேல் பகுதியில் ஃபார்மோசா தெருவில் பிரின்ஸ் ஆல்ஃபிரட்: 1860களின் கட்டடம், 1890களின் கடைசியில் செய்த உள்வேலை. அங்கே சுளைக்கும் சுளைக்கும் இடையில் இடுப்பளவு உயரத்தில் குட்டிக் கதவுகள் இருக்கும். பணியாள் குனிந்து நுழைந்து காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவதற்காக வைத்தவை. இப்போது வாடிக்கையாளர்களும் அதில்தான் தவழ வேண்டியிருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டு சர்க்கஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சில அடிகளில் ஆர்கைல் ஆர்ம்ஸ்: பக்கவாட்டு நடைவழி, அதையொட்டிக் கண்ணாடித் தடுப்பு அறைகள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு பிரின்சஸ் லூயிஸுக்குப் போனால் சீரமைத்தவர்கள் எதைத் திரும்பக் கொண்டுவர முயன்றார்கள் என்பது விளங்கும். மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள், மாலையில் கண்ணாடிக்கு முன்னால் முதுகுகள்தான் தெரியும். சாமுவேல் ஸ்மித் பப்களில் 2019 முதல் கைபேசிக்குத் தடை, ஆகையால் படம் எடுக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். நீங்கள் ஆணாக இருந்தால் கீழே கழிப்பறைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்குள்ள பளிங்குச் சிறுநீர்க் கலங்கள் விக்டோரியா காலத்தவை, டைலர் அண்ட் சன்ஸ் செய்தவை. அவற்றில் மறுசீரமைப்பு பற்றிய சந்தேகம் எதுவும் இல்லை.